அசையாததும் அசைக்காததும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம், கேட்பவர் வயிற்றைக் கலக்க வேண்டியதில்லை. வங்கி கடன் வரம்பைப் புதுப்பித்துவிட்டது. மடைவாய் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இந்தத் தையிலும் தன் உறுப்பினர்களின் சம்பா நெல்லை வாங்குவதற்குத் தடையேதும் இல்லை. கார்த்திகைக் கடைசியில் கிடங்குக்காரி அம்சத்திடமிருந்து தொலைந்துபோன தூக்கம் மார்கழி பிறந்ததும் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது.

மீட்டுக் கொடுத்தவள் அவள் தங்கை மதிவதனி. தொலைத்தது யார் என்று கேட்டால், அம்சம் இப்போது சிரித்துக்கொண்டே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறாள்.

பூதலூருக்குப் பக்கத்தில் இவர்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். அம்சம் எட்டாவது வரை படித்துவிட்டு அம்மாவோடு நடவில் இறங்கினாள். மதிவதனி அவளுக்குப் பதினொரு வயது இளையவள். தங்கையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதும் அம்சம்தான். பிற்பாடு தஞ்சாவூர்க் கல்லூரியில் பி.காம். விண்ணப்பம் வாங்க வெயிலில் வரிசையில் நின்றதும் அவள்தான். "படிச்சது அவ, தேஞ்சது என் செருப்பு" என்பாள். குறைப்பட்டுச் சொல்லும் குரலாக அது ஒரு நாளும் இருந்ததில்லை.

மதிவதனியிடம் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் "எத்தனைக்கு?" என்று கேட்பாள். பக்கத்து வீட்டுப் பெண் நாற்பத்தைந்து மார்க் வாங்கிவிட்டாள் என்று தெருவே பேசினால், எத்தனைக்கு என்பாள். வெறும் எண் அவளுக்கு ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு மாதிரி. இன்னொரு கால் எங்கே என்று தேடுவாள்.

ஒருமுறை கல்யாணப் பந்தியில் பெரியப்பா மகன், புதிதாக வாங்கிய அறுவடை இயந்திரத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். ஒரே சீசனில் நாலு லட்சம் சம்பாதித்துவிட்டதாகச் சொன்னான்.

"மெஷின் எவ்வளவுண்ணே?" என்றாள் மதிவதனி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

"இருவத்தாறு லட்சம்."

"நாலு லட்சம்ங்கறது டீசல், டிரைவர் சம்பளம், ரிப்பேரு எல்லாம் போவவா?"

அவன் கொஞ்ச நேரம் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "போவாம" என்றான்.

"பாயசம் வர்ற வரைக்குமாவது இந்தப் பொண்ணுக்கிட்ட யாரும் பேச்சுக் குடுக்காதீங்கப்பா" என்று பக்கத்து இலைக்காரர் சொல்ல, பந்தியே சிரித்தது. பெரியப்பா மகனும் சிரித்தான். ஆனால் அடுத்த சீசனில் வாடகையை ஏற்றினான் என்று கேள்வி.

மடைவாய் நிறுவனத்தில் முதலில் சேர்ந்தவள் அம்சம்தான். சுற்றுவட்டத்து விவசாயிகள் ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம் போட்டுத் தொடங்கிய கம்பெனி அது. அப்போது குடும்பத்துக்கென்று அரை ஏக்கர் சொந்த நிலம் வந்திருந்தது, அதனால் அம்சமும் பங்கு போட்டாள். நெல் வாங்கி, இருப்பு வைத்து, அரைத்து விற்பதுதான் தொழில். கிடங்கைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டுமென்றதும், தலைவர் இராஜாங்கம் வேறு யாரையும் யோசிக்கவில்லை. அம்சத்தின் கிடங்கில் மூட்டைகளை அடுக்கிய ஒவ்வொரு அட்டியும் கயிறு கட்டி அளந்தது போல நிற்கும். மூட்டை வாய்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும். சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் நடக்க இடம் இருக்கும். ஒவ்வொரு அட்டிக்கும் ஒரு பலகை தொங்கும். அதில் என்ன நெல், எந்த மாசம் வந்தது என்று அவள் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருப்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மதிவதனி அங்கே கணக்கு அதிகாரியாக வந்தாள். அதுவரை தஞ்சாவூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவள். அவள் வந்த முதல் வருஷப் பொதுக்கூட்டத்தில், விற்பனை இரண்டு மடங்காகிவிட்டது என்று இராஜாங்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தார். கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரமாயிற்று. கூட்டம் கலைந்து நாற்காலிகளை மடக்கும்போது மதிவதனி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, நூறு ரூவாய்க்கு வித்தா நம்ம கையில எவ்வளவு நிக்குதுன்னு பாத்தீங்களா?"

"எவ்வளவு?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு ரூவா நின்னுச்சு. இப்ப ஒண்ணேகால்."

"அதான் முன்ன மாதிரி ரெண்டு பங்கு விக்கிறமே."

"ரெண்டு பங்கு ஓடுறோம்ண்ணே. மூச்சுதான் வாங்குது."

இராஜாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறுபதைத் தாண்டியவர். கோபக்காரர் என்றாலும் காது கொடுத்துக் கேட்பவர். "என்ன செய்யலாம்ங்கற?" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. கூத்தாநல்லூரிலிருந்து ஜாஃபர் சாதிக் என்ற அரிசி வியாபாரி நோன்பு சமயத்தில் வந்து, பழைய சீரகச் சம்பா இருக்கிறதா என்று கேட்டார். சீரகச் சம்பாவை அறுத்த கையோடு அரைத்துப் பிரியாணி போட்டால் குழைந்துவிடும். ஒரு வருஷம் நெல்லாகவே கிடந்து முதிர்ந்தால்தான் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்கும். அதற்கு விலையும் கூடுதல். அந்த வருஷம் கம்பெனியிடம் பழசு இல்லை, அவர் வெறுங்கையோடு திரும்பினார். மதிவதனி கணக்குப் போட்டாள். அடுத்த மாசியில் கொஞ்சம் நெல்லைத் தனியாக நிறுத்தி வைத்தார்கள். அது ஒரு வருஷம் கழித்து வந்த நோன்புக்கு ஜாஃபர் சாதிக்கின் லாரியில் ஏறிப்போய் நல்ல லாபம் கொடுத்தது. அதன் பிறகு மொத்த இருப்பில் கால் பங்கு பழசுக்கு என்று நிர்வாகக் குழுவில் முடிவானது. கிடங்கில் அதற்கு ஐந்தாம் அட்டி ஒதுக்கப்பட்டது. அம்சம் அந்தப் பலகையில் மற்ற பலகைகளைவிடப் பெரிய எழுத்தில் 'பழசு' என்று எழுதித் தொங்கவிட்டாள்.

வினை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கார்த்திகைக் கடைசியில், கடன் வரம்பைப் புதுப்பிப்பதற்கு முன்னால் சரக்கிருப்பைப் பார்க்க வங்கி சார்பில் சென்னையிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்தார். பகலவன் என்று பெயர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மரியாதை தெரிந்தவர். கிடங்கு வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

"போட்டுக்கிட்டே வாங்க தம்பி. தரையெல்லாம் நெல்லுச் சொணை, அரிக்கும்" என்றாள் அம்சம்.

மதிவதனி அன்று வரி வேலையாகத் தஞ்சாவூர் போயிருந்தாள். அம்சம்தான் சுற்றிக் காட்டினாள். குறுவை நெல் அட்டிகளை அவர் எண்ணினார். ஈரம் பார்த்தார், தலையாட்டினார். ஐந்தாம் அட்டிக்கு வந்ததும் பலகையைப் பார்த்து நின்றார்.

"இது எப்ப வந்ததுக்கா?"

"மாசியில வந்தது தம்பி. பழசு."

"மாசியிலேருந்து இங்கயேவா இருக்கு? நகரவே இல்லையா?"

கோயில் தேர் நிலையில் நிற்பதைக் காட்டுவது போல அம்சம் அட்டியைக் கையால் தட்டினாள். "இதெல்லாம் லேசுல அசையாதுங்க தம்பி."

அவர் கையிலிருந்த பலகைக் கணினியில் ஏதோ குறித்துக்கொண்டார். டீ குடித்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். "வந்தவரு நம்ம பழசப் பாத்து அசந்துட்டாரு" என்று சாயங்காலம் தங்கையிடம் சொன்னாள் அம்சம். வரிக் கணக்கில் முங்கியிருந்த மதிவதனி, "நல்லதுக்கா" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை வங்கியிலிருந்து தகவல் வந்தது. கடன் வரம்பு புதுப்பிப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, நடப்பு விகிதம் போதவில்லை.

நடப்பு விகிதம் என்பது என்னவென்று அம்சத்துக்குத் தெரியும். தங்கை அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு வருஷத்துக்குள் நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டியது நூறு ரூபாய் என்றால், ஒரு வருஷத்துக்குள் பணமாகக்கூடியது நம்மிடம் நூற்று முப்பத்து மூன்று ரூபாய்க்காவது இருக்க வேண்டும். வங்கிக்காரர்கள் கேட்கும் அளவு அது. மதிவதனியின் கணக்கில் மடைவாய்க்கு நூற்று நாற்பத்தைந்து இருந்தது. வங்கியின் கணக்கில் நூற்றுப் பதினெட்டுத்தான் வந்திருந்தது.

செய்தி கேட்டு இராஜாங்கம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தை பிறந்தால் சம்பா அறுப்பு. கையில் பணம் இல்லையென்றால் உறுப்பினர்கள் நெல்லை வரப்பிலேயே தரகருக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். பிறகு கம்பெனி எதற்கு?

"அந்தப் பழசத் தள்ளிவுட்ருவோம் மதி. புரோக்கர் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். வாங்குன வெலைக்கு எடுத்துக்கறேங்கறான். காசு வந்துடும், உன் விகிதமும் நேராயிடும்."

"விகிதம் நேராயிடும்ண்ணே. கம்பெனி நேராவாது. மாட்ட வித்துட்டுப் பாலு கணக்கு எழுதுன மாதிரி இருக்கும். இன்னும் ரெண்டு மாசத்துல நோன்பு."

"நோன்பு மாசியிலதானம்மா. அறுப்பு தையில."

இராஜாங்கம் கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு. அதுக்குள்ள பேங்க்ல சரின்னு சொல்லிட்டாங்கன்னா உன் பழசு உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா சனிக்கிழமை காலையில லாரி வந்துடும்."

அவர் போன பிறகு மதிவதனி வங்கி அனுப்பிய அறிக்கையைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்சம் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். ஆங்கிலம் அவளுக்கு எட்டாது, ஆனால் தங்கையின் முகத்தை வாசிக்கத் தெரியும்.

"எது குறையுது?"

"அஞ்சாம் அட்டிய அப்படியே கழட்டிட்டாங்கக்கா. முப்பது லட்சம். நெல்லே இல்லன்னு வச்சுக் கணக்குப் போட்டுருக்காங்க. அவ்வளவு நல்லாப் பாத்தவரு இத மட்டும் ஏன் இப்படி எழுதுனாரு? 'பழைய, அசையாத சரக்கு'ன்னு போட்டுருக்காரு."

"சரியாத்தான எழுதியிருக்காரு?" என்றாள் அம்சம். "அதத்தான நானும் சொன்னேன்."

மதிவதனி மெல்லத் திரும்பினாள். "நீ என்னக்கா சொன்ன?"

"பழசுன்னேன். லேசுல அசையாதுன்னேன்." அட்டியைத் தட்டிக் காட்டிய அதே கையசைவோடு, அதே குரலில் சொன்னாள் அம்சம்.

மதிவதனி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அம்சம் பதறிப்போய் அவள் கையை விலக்கினாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அக்கா. பேங்க் கணக்குல பழசுன்னா செத்ததுன்னு அர்த்தம். அசையாதுன்னா புதைச்சாச்சுன்னு அர்த்தம். விக்காம தேங்கிக் கெடக்கற சரக்கு. நீயே கையால தட்டி உறுதி பண்ணிக் குடுத்துருக்க."

அம்சத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாளில் ஒரு மூட்டையை எண்ணிக்கையில் தவறவிட்டதில்லை அவள். ஒரே ஒரு வார்த்தையில் முப்பது லட்சத்தைத் தவறவிட்டிருக்கிறாள். அதுவும் தங்கை நிறுத்தி வைத்த நெல்லை.

"உன்னால இல்லக்கா" என்றாள் மதிவதனி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ சொல்லலைன்னாலும் நாள் கணக்கப் பாத்தாலே அவரு சந்தேகப்பட்டுருப்பாரு. அவரு மேலயும் தப்பில்ல. விகிதங்கறது கேள்விதான் கேக்கும். பதில் நம்மதான் வச்சிருக்கணும். நான் எல்லா நெல்லையும் ஒரே வரியில போட்டு அனுப்புனேன் பாரு, அது என் தப்பு." பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து, "இப்பவாவது என்ன கேள்வின்னு தெரிஞ்சுதே, அதுவே பாதி வேல முடிஞ்ச மாதிரி" என்றாள்.

அன்றும் மறுநாளும் மதிவதனி இருப்புக் கணக்கைப் பிரித்தாள். புது நெல் தனி, பழசு தனி. புதன்கிழமை இருவரும் தஞ்சாவூர் போனார்கள். "நீயும் வா. அந்த வார்த்தைய நீதான சொன்ன, நீயே வந்து தூக்கு" என்று சொல்லி அக்காவையும் இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் அம்சம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வங்கியில் போய் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

வங்கி மேலாளர் ஹாஃபிஸாவுக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். குரல் உயர்த்தாதவர், அதே சமயம் இலகுவில் தலையாட்டாதவர். மதிவதனி பிரியாணியில் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எனக்குக் கூத்தாநல்லூர்தாம்மா. பழைய சீரகச் சம்பாவோட ருசிய நீங்க எனக்குச் சொல்ல வேணாம். அந்த ருசிய நான் எந்த வரியில எழுதறது, அதச் சொல்லுங்க."

"எழுதித்தான் கொண்டுவந்திருக்கேன் மேடம். மொத்தமாப் பாத்தா எங்க சரக்கு வருஷத்துக்கு நாலு தடவ வித்து, வாங்கிச் சுத்துது. பிரிச்சுப் பாத்தா புது நெல்லு அஞ்சு தடவ, பழசு ஒரே தடவ. அந்த ஒரே தடவயத்தான் உங்க ஆடிட்டர் பாத்துருக்காரு."

"அதப் பாக்கத்தான் அவர அனுப்புனது."

"ஆமா மேடம். ஆனா எத்தன தடவ சுத்துதுங்கறதோட, ஒவ்வொரு தடவயும் என்ன நிக்குதுன்னும் சேத்துப் பாக்கணும். புது நெல்லுல நூத்துக்கு ஒண்ணேகால் நிக்குது. அஞ்சு தடவ சுத்துனாலும் ஆறேகால்தான். பழசு ஒரே தடவ. ஆனா பன்னெண்டு."

"வட்டி கழிக்காமயா?"

"ஒரு வருஷ வட்டி, நெல்லு காஞ்சு எடை குறையறது, எல்லாம் போவ."

"எதிர்பார்ப்பா, நடந்ததா?"

"போன வருஷம் நடந்தது. தணிக்கை முடிஞ்ச கணக்கு."

ஹாஃபிஸா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். அம்சம் தன் புடவைத் தலைப்பை மடித்து மடித்து ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"லாபம் இருக்கறதால மொத்தத்தையும் பழசாப் போடலாம்னு அடுத்த வருஷம் உங்க தலைவர் ஆரம்பிச்சா?"

"இருப்புல கால் பங்குக்கு மேல போவக்கூடாதுன்னு குழுவுலயே முடிவு எழுதியிருக்கு மேடம். பணம் முழுக்க அதுல முடங்கிட்டா உறுப்பினருக்கு உடனே காசு குடுக்க முடியாது. அப்ப நீங்க நிறுத்துறதுக்கு முன்னாடி நானே நிறுத்தச் சொல்லிடுவேன்."

ஹாஃபிஸா முதல்முறையாகக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். மேசை மேலிருந்த தொலைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, பகலவனை அழைத்தார். "மடைவாய்க்காரங்க வந்திருக்காங்க. அஞ்சாம் அட்டிய அசையாத சரக்குன்னு ஏன் போட்டீங்க?"

"பத்து மாசமா நிக்குது மேடம். கிடங்குல இருந்தவங்ககிட்டயும் கேட்டேன். அவங்களே அசையாதுன்னு சொன்னாங்க."

ஹாஃபிஸாவின் பார்வை அம்சத்தின் மேல் விழுந்தது. "நீங்கதானாம்மா? அசையாதுன்னு சொன்னீங்களா?"

வாயே திறப்பதில்லை என்ற முடிவு பஸ்ஸோடு போய்விட்டது. "சொன்னேங்க" என்றாள் அம்சம். "ஆனா அது அதுவா அசையாதுன்னு சொல்லலங்க. நாங்க அசைக்க மாட்டோம்னுதான் சொன்னேன்."

தொலைபேசியின் அந்தப் பக்கமிருந்து பகலவன், "அக்கா, அத அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்றார். குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"வாய்ல அப்படித்தாங்க வந்துச்சு தம்பி."

ஹாஃபிஸாவும் சிரித்துவிட்டார். "அசையாததுக்கும் அசைக்காததுக்கும் நடுவுல ஒரு 'க்கா'தான் வித்தியாசம். அந்த ஒரு 'க்கா'வுல முப்பது லட்சம் உக்காந்துருக்கு" என்றார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "சொன்ன வார்த்தைய வச்சு நான் எதையும் மாத்த முடியாது. பகலவன், நாளைக்கு இன்னொரு தடவ போய் அந்த நெல்லோட தரத்தப் பாருங்க. பூச்சி, பூஞ்சை, ஈரம், எல்லாம். வெளி மார்க்கெட்ல என்ன வெலைன்னும் விசாரிச்சு எழுதுங்க. நெல்லு நல்லாருந்தா மேற்கொண்டு பேசலாம்" என்றார்.

நெல் நல்லாயிருந்தால் போதும் என்றால், அது அம்சத்தின் ராஜ்யம். வங்கிப் படியிறங்கும்போதே அவள் நடை மாறிவிட்டது. "டீ குடிக்கலாமா?" என்று அவளே கேட்டாள். டீக்கடையில் தங்கையை ஓரக்கண்ணால் பார்த்தாள். கண்ணாடி போட்ட அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து, கேள்வி வர வரப் பதிலை எடுத்து வைத்தது தான் தூக்கி வளர்த்த பிள்ளைதானா என்று இருந்தது. எத்தனைக்கு, எத்தனைக்கு என்று ஊரையே நச்சரித்த பிள்ளை. ஆனால் "வடை தின்னுறியா?" என்றுதான் கேட்டாள்.

பகலவன் மறுநாள் வந்தார். அம்சம் கிடங்கு வாசலில் கைகட்டி நின்றாள்.

"அக்கா, ஒரு விண்ணப்பம். இந்தத் தடவ நான் கேக்கறதுக்கு ஆமா, இல்ல. அவ்வளவுதான். சரியா?"

"ஆமா" என்றாள் அம்சம்.

அவர் மூட்டைகளில் குத்தூசி விட்டு, அட்டியின் உச்சியிலும் நடுவிலும் அடியிலும் நெல் எடுத்துப் பார்த்தார். பூச்சி இருக்கிறதா? இல்லை. மருந்து அடித்தது உண்டா? ஆமாம். அட்டிக்கு அடியில் மரச்சட்டம் உண்டா? ஆமாம். நெல்லைப் பல்லால் கடித்துப் பார்த்தார், கடக்கென்று முறிந்தது. கடைசியில் தன் பங்குக்கு ஒரு கை நெல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, "இத எங்க அம்மாவுக்குக் கொஞ்சம் அரைச்சு விலைக்குக் குடுப்பீங்களா?" என்றார்.

அம்சம் உதட்டை இறுக்கிக்கொண்டு, "இல்ல" என்றாள்.

பக்கத்தில் நின்ற மதிவதனி வெளியே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடியபோது வங்கியிலிருந்து இன்னும் தகவல் வந்தபாடில்லை. இராஜாங்கம் சனிக்கிழமை லாரிக்குச் சொல்லி வைத்திருந்தார். முதல் பொருள், இரண்டாம் பொருள் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. அம்சம் உறுப்பினர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் அறைக்குள்ளும் வெளியிலுமாக நடந்தாள். மூன்றாம் பொருளுக்கு வரும்போது மதிவதனியின் கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. எடுத்துக் கேட்டாள். "சரிங்க மேடம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "கால் பங்குதான் மேடம், எழுதியே குடுத்துடறேன்" என்றாள். கைபேசியை வைத்தாள். நேரே அக்காவைப் பார்த்தாள்.

"ஒண்ணு புள்ளி நாலு அஞ்சு" என்றாள்.

அறையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்று புரியவில்லை. அம்சத்துக்குப் புரிந்தது: நூறுக்கு நூற்று நாற்பத்தைந்து. கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள். எதிரே வயல் பச்சை மாறி மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நாட்களாக அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் அறுப்பு நெருங்குவது தெரியும் என்று தலையைக் குனிந்துகொண்டே போய் வந்துகொண்டிருந்தாள். இன்று ஆற அமரப் பார்த்தாள். நல்ல விளைச்சல்.

உள்ளே இராஜாங்கத்தின் குரல் கேட்டது. "நான் அப்பவே சொன்னேன், அவசரப்பட்டு விக்கக்கூடாதுன்னு." யாரோ இருமினார்கள். பிறகு அவரே, "ஏம்மா மதி, பழசு இப்ப வெலை ஏறியிருக்குல்ல? அந்த வெலைக்குக் கணக்குல போட்டா உன் நாலு அஞ்சு இன்னும் ஏறும்ல?" என்றார்.

"ஏறும்ண்ணே. ஆனா வித்து காசு வர்ற வரைக்கும் வாங்குன வெலதான். ஜாஃபர் பாய் லாரி வரட்டும், அப்புறம் ஏத்திக்கலாம்."

"உன்கிட்ட ஒரு ரூவா கூடுதலா எழுத வைக்கறதுக்குள்ள..." என்று அலுத்துக்கொண்டார் இராஜாங்கம். ஆனாலும் கைபேசியை எடுத்துத் தரகருக்கும் லாரிக்காரருக்கும் அவரே வேண்டாம் என்று சொன்னார். லாரிக்காரரிடம், "தையில வா, நெறைய நடை இருக்கு" என்று சேர்த்துச் சொன்னது வாசல் வரை கேட்டது.

தை பிறந்து பொங்கல் முடிந்ததும் சம்பா வரத் தொடங்கியது. முதல் நடை வந்த அன்று கிடங்கில் கால் வைக்க இடமில்லை. மூட்டை இறக்க வந்தவர்கள் முதுகில் சுமையோடு அம்சத்தின் கை காட்டும் திசைக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார்கள். மதிவதனி எடைமேடை பக்கம் நின்று ஈரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் அட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பலகை மட்டும் புதிது. 'முதிர்ந்த சீரகச் சம்பா. மாசி விற்பனைக்கு ஒதுக்கியது' என்று மதிவதனி வாசகம் சொல்ல, அம்சம் எழுதியது. இடம் மிச்சம் இருந்ததால் கீழே சின்னதாகப் 'பழசு' என்றும் எழுதிவிட்டிருந்தாள்.

சுமை தூக்குபவர்களில் மூத்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த அட்டிப் பக்கம் கை காட்டினார். "ஏம்மா, அந்தப் பழசக் கொஞ்சம் அந்தாண்ட நவுத்திட்டா இங்க நூறு மூட்ட அடுக்கலாம்ல?"

"அதெல்லாம் அசை..." என்று தொடங்கிய அம்சம் வாயை மூடிக்கொண்டாள். எடைமேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மதிவதனி புருவத்தை உயர்த்திக் காத்திருந்தாள்.

"அத நாங்க அசைக்க மாட்டோம்" என்றாள் அம்சம், ஒவ்வொரு எழுத்தையும் எண்ணி எண்ணி வைத்து. "நீங்க ஏழாம் அட்டிக்குக் கொண்டுபோங்க."